அழித்தெழுதிய விடை



அமெரிக்க நாட்டில், ஜார்ஜியா மாநிலத்துத் தலைநகரான அட்லாண்டாவின் பொதுப் பள்ளிகளில் 2009-ஆம் ஆண்டுப் பரீட்சை மதிப்பெண்கள் சந்தேகத்துக்கு உள்ளாயின. விடைத்தாள்களில், தவறான விடையை அழித்துச் சரியானதைக் குறித்த அடையாளங்கள் மிகுந்திருந்தன. மாநில அரசு விசாரித்தது. 44 பள்ளிகளில் மோசடி நடந்ததென்றும், அதில் 178 பேருக்குப் பங்குண்டென்றும் 2011-இல் அறிக்கை வெளியாயிற்று. 2015-இல் 11 பேர் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. அவர்களுள் பல பள்ளிகளை மேற்பார்வையிட்ட அதிகாரிகள் மூவரும் உண்டு.

இதனால் யாருக்கு நஷ்டம் என்பீரோ? வாசிக்கத் தெரியாத சிறுவன் தேறிவிட்டான் என்று எழுதிவிட்டால், அவனுக்குத் தனியே பாடம் சொல்லிக்கொடுக்க யார் வருவார்? பொய் மதிப்பெண் தானமன்று, அது களவு.

"நான் ரப்பரைத் தொடவே இல்லையே" என்று ஒரு மேலதிகாரி தப்பிக்கொள்ளலாமா? இலக்கை எட்டாவிட்டால் வேலை போய்விடும் என்ற அச்சம் அங்கே நிலவியதாக அறிக்கை கூறுகிறது. அச்சத்தால் பொய் எழுதியவனுடைய குற்றம் குறையலாம், இல்லாமற் போகாது. ஆனால் குறைந்த அந்தப் பங்கு அச்சமூட்டியவன் தலையிலேயே விழும். கணக்குக் கேட்க உரிமையுள்ளவனுக்கு, அக்கணக்கு மெய்தானா என்று பார்க்கும் கடமையும் உண்டு. நற்செய்தியை மட்டுமே கேட்க விரும்புகிறவன் பொய்யை விலைகொடுத்து வாங்குகிறான்.

வாசகரே, உமக்குக் கீழும் யாரேனும் வேலை செய்யக்கூடும். வீட்டில் பிள்ளைகளாவது இருப்பார்கள். அவர்கள் கெட்ட செய்தியோடு வரும்போது உமது முகம் எப்படி இருக்கிறது? இன்றிரவு சற்று யோசித்துப் பாரும்.