சம்பளம் வராத மாதத்தின் ஆட்டம்

ஒரு தாக்குதல் ஆட்டக்காரர் இரண்டு பருவங்கள் பேராக் அணிக்கு ஆடுகிறார். மூன்றாம் பருவத்தில் வேறொரு மாநிலத்தின் ஜெர்சியோடு ஈப்போ திடலுக்கு வருகிறார். பந்து அவர் காலைத் தொடும்போதெல்லாம் மேடையிலிருந்து கூச்சல் எழுகிறது. "துரோகி" என்ற சொல்லும் அதில் கேட்கிறது. மலேசியக் காற்பந்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. ஆனால் அந்தச் சொல்லுக்கு நியாயம் உண்டா? சங்கத்துக்குச் சங்கம் மாறிப் பிழைக்கும் ஆட்டக்காரர் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்?

நட்சத்திர ஆட்டக்காரர்களை வைத்து இதற்குப் பதில் தேடக் கூடாது. உலகெங்கும் ஆட்டக்காரர் சங்கங்களை ஒன்றிணைக்கும் ஃபிஃப்ப்ரோ, 2016ல் 54 நாடுகளில் ஏறத்தாழ 14,000 பேரிடம் திரட்டிய தகவல்கள் இந்தத் தொழிலின் உண்மை முகத்தைக் காட்டின. ஒப்பந்தத்தின் சராசரி நீளம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. 45 விழுக்காட்டினரின் மாதச் சம்பளம் ஆயிரம் அமெரிக்க டாலருக்கும் கீழே. 41 விழுக்காட்டினருக்கு முந்தைய இரண்டு பருவங்களில் சம்பளம் தாமதமாகியிருந்தது. ஊர் மாறுவது இவர்களில் பெரும்பாலோரின் ஆசை அன்று. ஒப்பந்தத் தாளில் எழுதியிருக்கும் முடிவுத் தேதியே அவர்களை அனுப்பிவைக்கிறது.

முன்வரிசை ஆட்டக்காரருக்கு இது இன்னும் கடுமை. தற்காப்பில் நிற்பவரின் நல்ல ஆட்டத்தை விவரம் தெரிந்தவர்கள் கண்டுகொள்வார்கள். முன்வரிசையில் நிற்பவருக்கு ஒரே கணக்கு, கோல் கணக்கு. மூன்று மாதம் வலை அசையாவிட்டால் அவர் பெயர் மாற்று ஆட்டக்காரர் பட்டியலுக்குப் போய்விடும். மலேசியாவில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. சங்கங்கள் பெரும்பணம் கொடுத்து வெளிநாட்டவரை வாங்கும்போது முதலில் தேடுவது கோல் அடிப்பவரைத்தான். 2009 முதல் 2011 வரை மூன்று பருவங்கள் வெளிநாட்டவருக்குத் தடை இருந்தது. அந்தக் காலத்தில்தான், 2010 டிசம்பரில், கே. ராஜகோபாலின் பயிற்சியில் மலேசியா இந்தோனேசியாவை வீழ்த்தி ஆசியான் சுசுகி கிண்ணத்தை முதன்முறையாக வென்றது. சாஃபி சாலி ஐந்து கோல்கள் அடித்தார். தடையால்தான் கிண்ணம் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உள்ளூர் முன்வரிசைக்காரர்கள் வாராவாரம் தொண்ணூறு நிமிடம் ஆடினார்கள் என்பது உண்மை. 2012ல் வெளிநாட்டவர் திரும்பினார்கள். அவர்கள்மேல் கோபப்படவும் வழியில்லை. கப்பலேறிப் பிழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், விமானமேறிப் பிழைக்க வந்தவரைக் குறைசொல்வது எப்படி?

பேராக்கின் தமிழ் ஆட்டக்காரர்களுக்கு ஒரு குடும்பப் பின்னணி உண்டு. சுங்கை சிப்புட், சுங்காய், பீடோர், தெலுக் இந்தான் வட்டாரத் தோட்டங்களில் லயங்களுக்கு அருகே, கோயிலுக்குப் பக்கத்தில், ஒரு திடல் இருந்தது. விடியுமுன் பால்மரக் காட்டுக்குள் போனவர்கள் மதியத்துக்குள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் அங்கே பந்து உதைத்தார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடந்தது. கிராணியும் கங்காணியும் ஓரமாக நின்று பார்த்தார்கள். பலருக்குக் காற்பந்தின் முதல் பள்ளிக்கூடம் அந்தத் திடல்தான்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின, துண்டாயின, சில வீடமைப்புத் திட்டங்களாக மாறின. மூன்று தலைமுறை ஒரே தோட்டத்தில் உழைத்தவர்களுக்குச் சட்டம் வகுத்த கணக்கு என்ன? பணிநிறுத்தப் பலன்கள் குறித்த 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். முப்பது ஆண்டு பால் வெட்டியவருக்கு 600 நாள் கூலி. வீடு வேலையோடு ஒட்டியிருந்ததால் வேலையோடு அதுவும் போனது. சட்டிபானையைக் கட்டிக்கொண்டு ஈப்போ புந்தோங் போன்ற இடங்களுக்கு வந்து வாடகைக்குக் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவரைப் பார்த்து, "ஒரே இடத்தில் விசுவாசமாக இரு" என்று சொல்ல எந்த நிர்வாகத்துக்கு வாய் வரும்? ஒரே இடத்தில் இருந்ததற்குக் கிடைத்த பரிசை அவர் தாத்தாவின் வாழ்க்கையிலேயே பார்த்துவிட்டார்.

தோட்டத் தொழிலாளிக்குக் கிடைத்த அந்த 20 நாள் கணக்குகூட ஆட்டக்காரருக்கு இல்லை. வேலை இழந்தவர்களுக்காக 2018ல் நடப்புக்கு வந்த, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டத்தில், காலவரையறை ஒப்பந்தம் முடிந்து வெளியேறுபவர் வேலை இழந்தவராகக் கருதப்படுவதில்லை. நவம்பரில் ஒப்பந்தம் முடிந்து, முழங்கால் வலியோடு, முப்பத்திரண்டு வயதில் வீட்டுக்குத் திரும்புபவர் சட்டத்தின் கண்ணில் எதையும் இழக்காதவர்.

ரசிகரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவர் ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திட்டவர் இல்லை. அணி தோற்றாலும் வேறு மாநிலத்துக்குக் கட்சி மாறமாட்டார். 2018 அக்டோபர் 27ல் ஷா ஆலம் அரங்கில் திரங்கானுவோடு 3-3 என்று சமநிலை கண்டு, பெனால்டியில் 4-1 என வென்று பேராக் மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியபோது, ஈப்போவிலிருந்து பேருந்து பிடித்துப் போனவர்களின் ஆனந்தம் யாரும் விலைகொடுத்து வாங்கியது அன்று. தான் கொடுக்கும் அன்பில் பாதியாவது திரும்பி வர வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பதும் மனித இயல்பே. அவருடைய வலி உண்மையானது. ஆனால் அந்த வலியோடு அவர் தட்டுவது தவறான கதவு. 2004ல் சூப்பர் லீக் தொடங்கியது முதல் கீழே இறங்காத பேராக், 2021ல் இறங்கியது. சம்பளப் பாக்கியால் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியேறிய பருவம் அது. பின்னர் மேலே வந்தது. 2025ல் பணம் இல்லாமல் லீகிலிருந்தே விலகிக்கொண்டது. இத்தனைக்கும் நடுவே அரங்கில் "துரோகி" என்று ஏச்சு வாங்கியவர்கள், சம்பளம் கிடைக்காமல் போன இருபத்தைந்து வயது ஆட்டக்காரர்கள்.

செஞ்சோற்றுக் கடன் தமிழருக்குப் புதிய அறம் அன்று. கர்ணன் துரியோதனன் பக்கம் நின்றதை, அந்தப் பக்கம் தவறென்று தெரிந்தும், நம் மக்கள் இன்றுவரை மதிக்கிறார்கள். அந்த மதிப்புக்கு அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. சோறு இலையில் விழுந்திருக்க வேண்டும். நான்கு மாதம் சம்பளம் தராத சங்கம் ஆட்டக்காரரிடம் செஞ்சோற்றுக் கடனைக் கேட்க முடியாது. அங்கே கடன்பட்டிருப்பது சங்கம். ஆகவே ஒப்பந்தம் முடிந்து போகிறவர் தவறு செய்யவில்லை. சம்பளம் வராததால் முறைப்படி அறிவித்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகிறவரும் தவறு செய்யவில்லை. பயிற்சிக்கு வரமாட்டோம் என்று ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும் அணியும் அப்படியே. தோட்டத்தில் கூலி உயர்வுக்கு வேலைநிறுத்தம் செய்தவர்களை மதிக்கும் சமூகம், திடலில் அதையே செய்பவர்களைத் தூற்றக் கூடாது.

சம்பளம் வராத மாதத்தில் ஒருவர் வந்து, அடுத்த ஆட்டத்தில் கோல் அடிக்காமல் இருந்தால் போதும், மூன்று மாதச் சம்பளம் ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார். மறுப்பதற்கு எத்தனை பலம் வேண்டும் என்பதை வாடகை கட்டிய வீட்டில் வசதியாக உட்கார்ந்திருப்பவர்கள் எளிதாக எடைபோடக் கூடாது. லீக் முழுநேரத் தொழிலாக மாறிய 1994லும் அதற்கு அடுத்த ஆண்டிலும் வெடித்த ஆட்ட நிர்ணய ஊழலில், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பலருக்குத் தடை விதிக்கப்பட்டது. சிலர் சொந்த ஊரைவிட்டு வேறு மாவட்டத்தில் வசிக்க உத்தரவிடப்பட்டார்கள். மலேசிய லீக் அந்த அடியிலிருந்து எழுந்து நிற்க நீண்ட காலம் பிடித்தது.

வயிறு காய்ந்தவர் கைநீட்டினால் குற்றமா? குற்றமே. காரணம், அவர் அந்தப் பணத்தை வாங்கும்போது ஏமாறுவது சம்பளம் தராத நிர்வாகி அல்லர். அதே சம்பளம் வராமல், அதே பட்டினியோடு பக்கத்தில் ஓடும் சக ஆட்டக்காரர் ஏமாறுகிறார். நேர்மையாக எதிர்த்து ஆடுபவர் ஏமாறுகிறார். மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு சீட்டு வாங்கி வந்தவர் ஏமாறுகிறார். ஒருவர் தனக்கு இழைக்கப்பட்ட அநீதியைத் தீர்க்க, அதில் சம்பந்தமே இல்லாத மூன்று பேரிடம் எடுத்துக்கொள்ள நியாயம் கிடையாது. ஊர் மாறுவதற்கு உள்ள முழு உரிமையும் ஆடும் தொண்ணூறு நிமிடத்துக்குள் செல்லாது. ஆட இறங்கினால் முழுதாக ஆட வேண்டும், முடியாதென்றால் இறங்கவே கூடாது.

அந்தக் குற்றத்தில் பங்காளிகள் உண்டு. வாங்கியவருக்கு ஆயுள் தடை வரை போகும் தண்டனை, பசியை உண்டாக்கியவருக்கு எப்படி வருகிறது? சம்பளப் பாக்கி வைக்கும் சங்கத்தின் லீக் புள்ளிகளைக் குறைக்கிறார்கள். அந்தப் புள்ளிகளை ஓடி ஓடிச் சேர்த்தவர்கள் ஆட்டக்காரர்கள். பாக்கி வைத்த நிர்வாகி அதற்குள் பதவி விலகிப் போயிருப்பார். அவர் செய்ததற்கு, பல சமயம் அடுத்த ஆண்டு வந்த புதிய ஆட்டக்காரர்கள் அட்டவணையில் கீழே இறங்குகிறார்கள். இதைத் தண்டனை என்று சொல்வதே கூசுகிறது. ஒப்பந்தம் போட்டுவிட்டு ஊதியம் தராதவர் மீண்டும் எந்தச் சங்கத்திலும் பொறுப்பேற்க முடியாதபடி தடை வேண்டும். வாங்கியவருக்கு உள்ள தடை எத்தனை ஆண்டோ, தராதவருக்கும் அத்தனை ஆண்டு.

அதைவிட முக்கியமானது, பருவம் தொடங்குமுன் முழுப் பருவச் சம்பளத்தையும் சேமநிதிக் கட்டணத்தையும் வங்கியில் பூட்டிவைக்கச் சொல்வது. முடியாத சங்கத்துக்கு உரிமம் கிடையாது. இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அப்படிச் செய்தால் அணிகள் குறையும், உள்ளூர்ப் பையன்களுக்கு இடமும் குறையும். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் வழியாக எழுந்து, பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறிய அணி, 2021ல் வெளிநாட்டவர் ஒருவர்கூட இல்லாமல் சூப்பர் லீகில் ஆடியது. தமிழ் இளைஞர்கள் பலருக்கு அங்கே கதவு திறந்தது. 2022 பருவத்தோடு அது விலகிக்கொண்டபோது அந்தக் கதவு மூடியது. ஓர் அணி குறைந்தால் எத்தனை பேர் வீட்டுக்குப் போகிறார்கள் என்பதை அதில் பார்க்க முடிந்தது.

இருந்தும், சம்பளம் தராத பதினான்கு அணிகளைவிடச் சம்பளம் தரும் எட்டு அணிகள் மேல். அதற்கான விலையை யார் கட்டுவார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்பதாவது அணியில் ஆடியிருக்கக்கூடிய சுங்கை சிப்புட் பையன் கட்டுவான். அவன் பகலில் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் பகுதிநேர லீக் அணியொன்றில் முன்வரிசையில் ஆடுவான். மாதக் கடைசியில் தொழிற்சாலைச் சம்பளமாவது அவன் கணக்கில் ஏறியிருக்கும்.