நாலாம் பிறையும் நல்ல வசவும்

நாலாம் பிறையைக் கண்டால் நாய் படாத பாடு என்று நம் பாட்டிமார் எச்சரித்ததுண்டு. விநாயகரின் பெருவயிற்றைக் கண்டு நகைத்த சந்திரன் சாபம் பெற்றான் என்றும், சதுர்த்தியன்று அவனைக் காண்பவர் செய்யாத குற்றத்துக்குப் பழி சுமப்பர் என்றும் புராணம் கூறும். சமந்தக மணியைக் கவர்ந்தவன் என்னும் வீண்பழி கண்ணனையே சூழ்ந்ததற்கும் இதையே காரணமாகச் சொல்வர். தமிழர் கண்ட வழி எளிது. கொழுக்கட்டையை உண்டு, வானத்தைப் பாராமல் இருந்துவிடுவது.

வங்காளத்தில் அந்த நிலவுக்கு நஷ்டசந்திரன் என்று பெயர். தந்தையாரின் ரயில்வே உத்தியோகத்தை முன்னிட்டு 1960-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு சிறு நகரில் வளர்ந்தவர்கள் நாங்கள். அன்றிரவு சிறுவர்கள் கூட்டமாகப் புறப்பட்டு, அண்டை வீட்டுத் தோட்டங்களில் வெள்ளரி, கொய்யா, பம்பளிமாசு என்று கைக்கு எட்டியதைத் திருடுவோம். பீகாரில் பக்கத்து வீட்டுக் கூரைமேல் கல்லெறிவர். அதனால் அந்நாளையே டேலா சௌத் என்பர். இரண்டு வழக்கங்களுக்கும் நோக்கம் ஒன்றே. வீட்டுக்காரர் வெளியே வந்து வாயார வைய வேண்டும். வசவு விழுந்தால் பழி கழிந்தது.

இதில் நுட்பமான நியாயம் ஒன்று உண்டு. செய்யாத குற்றத்துக்குப் பழி வருமென அஞ்சுகிறவன், செய்த சிறு குற்றத்துக்கு உரிய வசவை முன்கூட்டியே பெற்றுக் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறான். வைகிறவருடைய ஒத்துழைப்பு இல்லாமல் இப்பரிகாரம் முற்றுப்பெறாது. எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருந்தார். திதிமா என்றே எல்லோரும் அழைப்போம். மூன்று நாள் முன்பிருந்தே வேலியோரத்து வெள்ளரியைப் பறிக்காமல் விட்டுவைப்பார். அன்றிரவு விளக்கைத் தணித்து விழித்திருந்து, சருகு ஒலித்த மறுகணமே எங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்து வைவார். மறுநாள் ஒன்றும் அறியாதவர்போல், “வெள்ளரி கசந்ததா?” என்று கேட்பார். அந்த வசவில் வங்காளப் பிள்ளை, மதராஸிப் பிள்ளை என்ற பேதம் இருந்ததில்லை. மொழி அரைகுறையாக இருந்த நாளில், ஊர் எங்களைத் தன் பிள்ளைகளாக ஏற்றதற்கு அதைவிடச் சிறந்த அத்தாட்சி எங்களிடம் இல்லை.

அந்த அத்தாட்சி எல்லோருக்கும் கிடைத்ததா என்பதே கேள்வி. ஓர் ஆண்டு, பெரிய வீடொன்றின் காவற்காரர் மகனும் எங்களோடு வந்தான். அதே வேலி, அதே கொய்யா. அகப்பட்ட ஐவரில் நால்வருக்கு வசவு, அவனுக்குப் பிரம்படி. அந்த வாரமே அவன் தந்தையின் வேலையும் போயிற்று. அவ்வாறு செய்தவர்கள் கொடியவர் அல்லர். நஷ்டசந்திர வழக்கத்தை நன்கு அறிந்தவர்கள், எங்களைச் சிரித்துக்கொண்டே வைதவர்கள். குறும்பையும் திருட்டையும் செய்பவனின் எண்ணத்தைக் கொண்டு பிரிக்க வேண்டும் என்பார் அறநூல் கற்றோர். ஊர் கையாண்ட அளவுகோலோ வேறு. இவன் நம் திண்ணையில் உட்காரத் தக்கவனா என்று பார்த்துவிட்டே அது பெயர் சூட்டியது.

இத்தகைய வழக்கம் மறைவதே நன்று என்பார் உளர். அவர்களோடு என்னால் முழுதும் உடன்பட முடியவில்லை. ஆண்டின் மற்ற நாட்களில் அச்சிறுவன் எங்களோடு விளையாடியதே கிடையாது. அந்த ஓர் இரவுதான் அவனை எங்கள் நடுவே கொண்டுவந்தது. வழக்கம் திறந்த கதவைப் பெரியவர்கள் சாத்தினார்கள். (சந்திரனின் குற்றமும் இங்கே நினைக்கத்தக்கது. அவன் எதையும் திருடவில்லை. பிறர் உடலைக் கண்டு நகைத்தான். அதற்கு மன்னிப்பு எளிதில் கிடைக்கவில்லை.)

தோட்டங்கள் இருந்த இடங்களில் இன்று அடுக்குமாடி வீடுகள். குழந்தைகளுக்குக் குறும்பு செய்ய எஞ்சியது அழைப்பு மணியை அழுத்திவிட்டு ஓடுவதே. வெளியே வந்து வைய எவருக்கும் பொழுதில்லை; கண்காணிப்புக் கருவியின் படத்தைப் பார்த்துச் சங்கத்துக்கு எழுதிவிடுகிறார்கள், அபராதச் சீட்டு வருகிறது. அந்த மாடிகளில் பாத்திரம் துலக்க வரும் அம்மாளின் பிள்ளை, தாய்க்காகக் கீழே வாயிற்படியில் காத்திருக்கிறான். மின்தூக்கியில் ஏறக்கூடாதென்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் எந்த மணியையும் தொட்டதில்லை.