யாருக்கும் ஆகும் பலகாரம்



ஆனிப் பௌர்ணமியில் மாங்கனி இறைப்பதைப் பார்க்காத காரைக்கால்காரர் இருக்க மாட்டார். சிவன் பிட்சாண்டவராக வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்கும். கீழே புடவை முந்தானையும் வேட்டியும் விரியும். அந்த விழாவின் கதையும் நமக்குத் தெரியும். காரைக்கால் அம்மையாரான புனிதவதியாருக்கு அவர் கணவர் பரமதத்தன் கொடுத்தனுப்பிய பழம் இரண்டு. பசியோடு வந்த அடியார் ஒருவர். புனிதவதியார் வீட்டில் சோறு வெந்திருந்தது, கறி இன்னும் ஆகவில்லை. "கொஞ்சம் இருங்கள்" என்று சொல்லவில்லை அந்த அம்மையார். பழத்தில் ஒன்றை எடுத்து இலையில் வைத்துவிட்டார். தன் சமையல் முடிந்ததா என்பதைவிட, வந்தவருடைய பசிதான் அவருக்கு முதலில் தெரிந்தது.

பழமும் பலகாரமும் வீட்டுக்கு வீடு போகிற இன்னொரு விழாவைப் பற்றி இன்று பேசலாம் என்று நினைக்கிறேன். யூதர்களின் பூரிம் பண்டிகை.

பைபிளின் பழைய ஏற்பாட்டில் எஸ்தர் என்று ஒரு சிறிய புத்தகம் இருக்கிறது. பாரசீக அரசன் அகாஸ்வேருவின் சபையில் ஆமான் என்ற பெரிய அதிகாரி, தேசத்திலுள்ள யூதர்களை ஒரே நாளில் ஒழித்துக்கட்டச் சீட்டுப் போட்டு நாள் குறிக்கிறான். அரசி எஸ்தரும் அவளை எடுத்து வளர்த்த மொர்தெகாயும் அந்தச் சூழ்ச்சியை முறியடிக்கிறார்கள். தப்பிப் பிழைத்த அந்த நாளை எப்படிக் கொண்டாட வேண்டும் என்பதும் அதே புத்தகத்தில் சொல்லியிருக்கிறது. ஒருவருக்கொருவர் தின்பண்டம் அனுப்ப வேண்டும். ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. ஒரு நண்பருக்காவது இரண்டு வகைப் பண்டம் அனுப்ப வேண்டும். ஏழைகள் இரண்டு பேருக்காவது உதவ வேண்டும். குறைந்தபட்சக் கணக்கு அது.

யூதர்களின் மாதக் கணக்கு நிலவை வைத்துத்தான். ஆதார் மாதம் 14ஆம் நாள் பூரிம். அதனால் மாசி அல்லது பங்குனிப் பௌர்ணமியை ஒட்டியே வரும். திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாளை மீனவ மக்கள் "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று வரவேற்கிறார்களே, அந்த மாசிமகத்துக்குப் பக்கத்திலேயே சில வருஷம் வந்துவிடும்.

பூரிமுக்கென்று ஒரு பிஸ்கட் உண்டு. ஹாமன்டாஷென் என்பார்கள். மூன்று மூலையும் நடுவே பழமும் உள்ள பிஸ்கட். பல வீடுகளில் இதைப் பாலும் வெண்ணெயும் இல்லாமல்தான் செய்வார்கள். சிக்கனத்துக்காக அல்ல. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலிலேயே வேக வைக்கக் கூடாது என்ற விதி அவர்களுடைய வேதத்தில் மூன்று இடங்களில் வருகிறது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இறைச்சியையும் பாலையும் கலக்காத பழக்கம். பாத்திரம்கூடத் தனித்தனி. இறைச்சி சாப்பிட்டவர்கள் பால் பண்டம் தொடச் சில மணி நேரம் காத்திருப்பார்கள். பல குடும்பங்களில் 6 மணி நேரம். பூரிம் அன்று பகலில் பெரிய விருந்து, அதில் இறைச்சியும் இருக்கும். வெண்ணெய் போட்ட பிஸ்கட்டை அந்த வேளையில் கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்கியவர் சிரித்துக்கொண்டே மூடி வைத்துவிட வேண்டியதுதான். ஆனால் மாவு, எண்ணெய், முட்டை, பழம் ஆகியவை இரண்டு பக்கமும் சேராதவை. எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகும் சாப்பிடலாம்.

எப்படிச் செய்வார்கள்? இரண்டு கப் மைதா, அரை கப் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர். ஒரு முட்டை. வெண்ணெய்க்குப் பதில் வாசனை இல்லாத சமையல் எண்ணெய் அரை கப்புக்குச் சற்றுக் குறைவாக. பாலுக்குப் பதில் ஆரஞ்சுச் சாறு, மாவு சேர்ந்து வருகிற அளவுக்கு மட்டும். பிசைந்த மாவைக் கொஞ்ச நேரம் குளிர வைத்துவிட்டு மெல்லிசாகத் தேய்த்து, டம்ளர் விளிம்பால் வட்டம் வட்டமாக வெட்ட வேண்டும். நடுவில் ஒரு சிறு கரண்டி பழக்கூழ். பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி வேக வைத்து மசித்தால் போதும்; கெட்டியான மாம்பழ ஜாமும் நன்றாக இருக்கும். பிறகு மூன்று பக்கமும் மடித்து, மூலைகளை அழுத்திக் கிள்ளிவிட வேண்டும். நடுவில் பழம் தெரிய வேண்டும். சோமாசியை வாய் மூடாமல் விட்டால் எப்படியோ அப்படி. ஆசைப்பட்டுப் பூரணத்தை அள்ளி வைத்தால் அடுப்பில் மூலை பிரிந்து வழிந்துவிடும். 180 டிகிரியில் கால் மணி நேரம். ஓரம் பொன்னிறமானதும் எடுத்துவிடலாம்.

இந்தப் பிஸ்கட்டுக்குள் வைக்கிற பிளம் பழ ஜாமுக்கும் ஒரு கதை இருக்கிறது. இன்றைய செக் நாட்டில் மிலாடா போலெஸ்லாவ் என்று ஓர் ஊர். 1731இல் அங்கே மளிகைக்கடை வைத்திருந்த டேவிட் பிராண்டைஸ் என்ற யூதர் விற்ற பிளம் ஜாமை வாங்கிப்போன ஒரு வீட்டில் ஒருவர் இறந்துபோனார். ஜாமில் விஷம் வைத்துவிட்டார் என்று பிராண்டைஸைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். விசாரித்துப் பார்த்ததில் இறந்தவருக்கு இருந்தது காசநோய் என்று தெரிந்தது. பூரிமுக்குச் சில நாள் முன்பு விடுதலையானார். அந்த நாளை அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடியது. அடுத்தவர் கையால் வாங்கிச் சாப்பிடுவது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்பதை இந்தக் கதை காட்டுகிறது. அந்த நம்பிக்கை உடைந்தால் ஒரு பாட்டில் ஜாம் போதும், ஒருவரைச் சிறைக்கு அனுப்ப.

நம் நாட்டு யூதர்களும் இறைச்சியோடு பாலைச் சேர்க்காத அந்தக் கணக்கைத் தங்கள் ஊர்ச் சரக்கை வைத்தே தீர்த்துக்கொண்டார்கள். கொங்கண் கரையில், அலிபாக் பக்கம் வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் செக்காட்டி எண்ணெய் எடுத்தவர்கள். சனிக்கிழமை வேலை செய்யாததால் ஊரார் அவர்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நல்ல காரியம் எதுவானாலும் எலியா தீர்க்கதரிசியை நினைத்து மலிதா படைப்பார்கள். நனைத்த அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய், சுற்றிலும் பழங்கள். ஒரு சொட்டுப் பால் கிடையாது. அவர்களுடைய புத்தாண்டு அல்வாவும் கோதுமைப் பாலைத் தேங்காய்ப் பாலில் கிண்டியதுதான். டெல்டாப் பக்கத்துச் சமையல்காரர் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்.

கொல்கத்தா நியூ மார்க்கெட்டில் நஹூம்ஸ் என்று ஒரு பேக்கரி இருக்கிறது. பாக்தாத்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தைச் சேர்ந்த நஹூம் இஸ்ரேல் மொர்தெகாய் 1902இல் தொடங்கிய தொழில். அங்கே அடுப்படியில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். கிறிஸ்துமஸ் வந்தால் பழக் கேக் வாங்க வாசலில் வரிசை நிற்கும். வரிசையில் நிற்பவர்களில் இந்துக்களும் ஏராளம். ஆக, நாலு சமயத்துக்காரர்கள் ஒரு கேக்கில் சந்திக்கிறார்கள்.

சாப்பாட்டு விதி என்றால் அது மனிதரை மனிதரிடமிருந்து பிரிப்பது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பிரித்ததும் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதே விதியைக் கொடுப்பவர் கையில் எடுத்துக்கொண்டால் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. எனக்கு வெண்ணெய் பிஸ்கட் பிடிக்கும். அதில் வாசனை அதிகம். ஆனால் இதை வாங்கப்போகிறவர் இப்போதுதான் இறைச்சி சாப்பிட்டு எழுந்திருப்பார். ஆகவே வெண்ணெய் வேண்டாம். இப்படி யோசிக்கிறவருக்கு விதி தடையல்ல, அடுத்தவரை நினைக்க வைக்கிற ஓர் ஏற்பாடு.

கோயிலும் தர்காவும் தேவாலயமும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர் நம்முடையது. தீபாவளி முறுக்கும் ரம்ஜான் பிரியாணியும் கிறிஸ்துமஸ் கேக்கும் இங்கே சுவர் தாண்டிப் போவது புதிதில்லை. அசைவம் தொடாத பக்கத்து வீட்டுக்குத் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியில் காய்கறி பிரியாணி செய்து அனுப்புகிற அம்மாக்கள் இங்கே இருக்கிறார்கள். முட்டை சேர்க்காத கேக்கைத் தேடி வாங்கி வருகிற நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் இதற்காக மேடை ஏறிப் பேசுவதில்லை.

இப்போது இந்தக் கணக்கில் புதிய விதிகளும் சேர்ந்திருக்கின்றன. எதிர்வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை. மாடி வீட்டுக் குழந்தைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. இன்னொருவருக்கு நிலக்கடலை ஆகாது. கடைப் பாக்கெட்டில் உள்ள பச்சைப் புள்ளி அது சைவம் என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே பால் இருக்கிறதா என்பதற்குப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். கால் கிலோ ஜாங்கிரியை அந்தப் பெரியவர் கையில் திணித்துவிட்டு, "ஒண்ணு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று வற்புறுத்துவது பாசம்போலத் தெரியும். உண்மையில் அங்கே நம் திருப்திதான் முன்னால் நிற்கிறது, அவர் உடம்பு பின்னால் போய்விடுகிறது. அவருக்கு நாலு கொய்யாப்பழம் கொடுத்திருந்தால், அவர் வீட்டு வாசலிலேயே ஒன்றைக் கடித்திருப்பார்.

அடுத்து வருகிற பண்டிகை எதுவானாலும், பலகாரம் செய்ய உட்காரும் முன் ஒரு சிறு வேலை செய்வோம். யார் யாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்று ஒரு தாளில் எழுதுவோம். ஒவ்வொரு பெயருக்கும் நேராக அவருக்கு ஆகாதது எது என்று குறிப்போம். தெரியாவிட்டால் கேட்டுவிடலாம், கேட்பதில் தவறில்லை. பிறகு அடுப்பைப் பற்ற வைப்போம். எண்ணெய்ச் சட்டியில் எதைப் போட வேண்டும், எதை விட வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.