பூஜ்யம் ரூபாய் புல்லட்

பி.காம். படித்தவர்களுக்கு ‘தேய்மானம்’ என்ற சங்கதி முதல் வருஷமே அறிமுகமாகிவிடும். மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, ஷோரூமிலிருந்து நீங்கள் ஆசையாக ஓட்டி வரும் மோட்டார் சைக்கிளின் மதிப்பில், முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே 5 சதவிகிதத்தை இன்ஷூரன்ஸ் கணக்கில் கழித்துவிடுவார்கள். ஐந்தாவது வருஷத்தில் பாதி காலி. அதற்கு மேல் அட்டவணையே கிடையாது. நீங்களும் கம்பெனியும் பேசி ஒரு தொகைக்கு வரவேண்டியதுதான்.

சரி, 1970-களில் திருவொற்றியூர் தொழிற்சாலையில் பிறந்த ஒரு என்ஃபீல்டு புல்லட்டின் மதிப்பு இன்று என்ன? புத்தகக் கணக்குப்படி பூஜ்யம். கூடப்போனால் பழைய இரும்பு விலை.

ஆனால், பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பழைய வண்டிப் பட்டறைப் பக்கம் போய்ப் பாருங்கள். அந்தப் பூஜ்யத்தைச் சுற்றி நாலு பேர் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பேங்க் ஊழியர், ஒருவர் வாழைத் தோட்டக்காரர், ஒருவர் வாத்தியார். பக்கத்திலேயே ஒரு யெஸ்டி, ஒரு ஆர்.எக்ஸ்.100. மைசூர் ஜாவா தொழிற்சாலை மூடியதும் 1996-ல்தான், ஆர்.எக்ஸ்.100 நின்றதும் 1996-ல்தான். பாகம் கிடைக்காது. செத்த வண்டியிலிருந்து கழற்றியோ, லேத்தில் கடைந்தோதான் ஓட்டியாக வேண்டும்.

இவர்கள் காசைக் கரியாக்குகிறார்களா? இல்லை, கணக்குப் புத்தகத்துக்குத் தெரியாத ஏதோ ஒன்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறதா?

எனக்குத் தெரிந்த அண்ணன் தம்பி இருவர். அப்பாவின் புல்லட்டைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். அண்ணனுக்கு அது ஷோரூம் வண்டி மாதிரி ஜொலிக்க வேண்டும். புது டேங்க், புது மட்கார்டு, புது குரோமியம். தம்பிக்கோ டேங்கில் இருக்கிற நசுங்கலைக்கூடத் தொடக்கூடாது. “அது அப்பா விழுந்தது. அப்படியே இருக்கட்டும்!” வாக்குவாதம் முற்றிவிட்டது. மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். ஓட்டவா, பாக்கவா? அதைச் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்.”

யோசித்துப் பார்த்தால், தத்துவப் பேராசிரியர்கள் இரண்டாயிரம் வருஷமாகக் கேட்கிற கேள்வி இதற்குள்ளேதான் இருக்கிறது. கிரேக்க வீரன் தீசியஸின் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் பத்திரமாக வைத்திருந்தார்களாம். உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை அடித்து, அடித்து, கடைசியில் எல்லாப் பலகையும் மாறிப்போயிற்று. இப்போது அது தீசியஸின் கப்பல்தானா? புளூட்டார்க் எழுதிவைத்த புதிர் இது. பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அதில் இன்னொரு முடிச்சுப் போட்டார். கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருத்தன் சேர்த்து வைத்து இன்னொரு கப்பல் கட்டிவிட்டால், எது அசல்?

நம்ம ஊர் மொழியில் சொன்னால், பிஸ்டன், போர், பாயிண்ட், கார்ப்பரேட்டர் எல்லாம் மாற்றியாயிற்று. கழித்துப்போட்டதையெல்லாம் மெக்கானிக் சாக்கில் சேர்த்துவைத்து வேறொரு வண்டி பூட்டிவிட்டார். எது உங்க அப்பா வண்டி?

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு இதில் குழப்பமே இல்லை. சேஸிஸ் நம்பர் எதில் இருக்கிறதோ, அதுதான் வண்டி. ஆனால், சேஸிஸ் நம்பருக்காக யாரும் கண் கலங்குவதில்லையே!

விடையை நெல்லையிலேயே தேடலாம். நெல்லையப்பர் கோயில் தேர். 2024 ஆனித் தேரோட்டத்தில் வடம் திரும்பத் திரும்ப அறுந்தது. வேறு வடம் கொண்டுவந்து இழுத்தார்கள். ‘இது போன வருஷத் தேர் இல்லை’ என்று யாராவது சொன்னார்களா? 1843-ல் சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுத் தாமிரபரணிக்குக் குறுக்கே கட்டிய பாலத்தைப் பின்னாளில் அகலப்படுத்தினார்கள். இன்றும் அது சுலோச்சன முதலியார் பாலம்தான். ஏன்? பாளையங்கோட்டைக்காரரும் திருநெல்வேலிக்காரரும் அன்றைக்கு மாதிரியே இன்றைக்கும் அதில் அக்கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வேலை தொடர்கிறது.

புல்லட்டே அப்படி ஒரு தீசியஸ் கப்பல்தான். 1955-ல் இங்கிலாந்து கம்பெனியோடு கைகோத்துச் சென்னையில் ஆரம்பித்தார்கள். முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு ஒவ்வொரு பாகமாக இங்கேயே செய்தார்கள். 1970-வாக்கில் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பே நின்றுபோனது. சென்னையில் நிற்கவில்லை. எது அசல் என்று இப்போது யாரும் சண்டை போடுவதில்லை. ஓடுவது எதுவோ, அது அசல்.

ஆக, என் முதல் விடை: ஒரு பொருள் அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்வரை அது அதேதான். அந்த வகையில் நான் மெக்கானிக் கட்சி. அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பிர்ஸிக், மோட்டார் சைக்கிள் பராமரிப்பை வைத்து 1974-ல் ஒரு தத்துவப் புத்தகமே எழுதினார். மகனோடு அவர் பயணம் போன ஹோண்டா இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரியாதைதான். ஆனாலும், அதில் இனி யாரும் கைக்கு எண்ணெய் பூசிக்கொள்ள முடியாது!

‘அப்ப என்ன வேணும்னாலும் மாத்திக்கலாமா?’ என்று கேட்பீர்கள். இங்கேதான் இரண்டாவது நிபந்தனை வருகிறது. மாற்றியதை மறைக்கக்கூடாது.

பழைய வண்டிக்கு இப்போது மவுசு. மவுசு வந்த இடத்தில் பித்தலாட்டமும் வந்துவிடும். நேற்று அடித்த பெயின்டை ‘கம்பெனி பெயின்ட் சார்’ என்று விற்பவர் உண்டு. விரிசல் விட்ட சேஸிஸை வெல்டு வைத்து, மேலே பளபளவென்று கறுப்படித்து, ஆசைப்பட்டு வருகிற காலேஜ் பையன் தலையில் கட்டுகிறவர் உண்டு. முதலாவது பொய். இரண்டாவது, அம்பது மைல் வேகத்தில் ஒரு அம்மாவின் பிள்ளையோடு விளையாடுகிற விளையாட்டு. பொருளுக்கு நாம் செய்யும் மரியாதை, அடுத்து அதில் ஏறி உட்காரப்போகிறவனுக்குச் செய்யும் மரியாதையில்தான் முடிகிறது. ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு ‘விண்டேஜ்’ பதிவு விதி கொண்டுவந்தபோதும், சேஸிஸிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்றுதான் எழுதியது.

மூன்றாவதாக ஒன்று. பழுது பார்ப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. ஒவ்வொரு முறை போர் போடும்போதும் சிலிண்டர் சுவர் மெலிகிறது. காப்பாற்றுகிற கையே கொஞ்சம் தேய்க்கவும் செய்கிறது. அதற்கு மேல் போட முடியாது என்கிற இடத்தில் நிறுத்தி, ‘இதை இனி ஓட்டாதீங்க’ என்று சொல்கிறவர்தான் நல்ல மெக்கானிக். அவருக்கு அன்றைக்கு வருமானம் போய்விடும். புகை கக்கும் டூ ஸ்ட்ரோக் வண்டியை ரசிகர்கள் தினசரி ஓட்டாமல் ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திக்கொள்வதும் இதே நியாயம்தான். நம் ஆசைக்கு அடுத்த வீட்டுக் குழந்தை இருமக்கூடாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகள் நினைவிருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. முங்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், பிளக்கைக் கழற்றி, ஆயிலை வடித்து, கார்ப்பரேட்டரைத் துடைத்துக் காயவைத்தால் பழைய வண்டி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். திறந்து பார்க்க முடிகிற பொருள், மனுஷனை நம்புகிற பொருள். அந்த நம்பிக்கைக்குத்தான் அந்த நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமை பதில் மரியாதை செய்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வண்டி நிற்கலாம். தையல் மெஷினாகவோ, கிரைண்டராகவோகூட இருக்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எந்தத் தேதியில் எது பழுதானது, எதை மாற்றினோம், யார் செய்தார், எவ்வளவு ஆயிற்று என்று எழுதி வாருங்கள். நசுங்கலை நிரப்பினால் அதையும் எழுதுங்கள். நாளைக்கு அதை வாங்கப்போகிறவர் கையில், சாவியோடு அந்த நோட்டையும் கொடுங்கள்.

பூஜ்யம் ரூபாய் வண்டிக்கு அந்த நோட்டுதான் ஐந்தொகை.