தீர்ப்பு யாருடையது?

இஸ்லாத்தில் தீவிரவாதிகள், மிதவாதிகள் என்று இன்று பேசப்படும் பிரிவை நவீன அரசியலின் விளைவாக மட்டுமே கருதுவோர், கி.பி. 657-ல் யூப்ரடீஸ் நதியோரம் ஸிஃப்பீன் என்னுமிடத்தில் நிகழ்ந்ததை நினைத்துப் பார்த்தல் நலம். கலீஃபா அலி அவர்களுக்கும் சிரியாவின் ஆளுநர் முஆவியா அவர்களுக்கும் மூண்ட யுத்தத்தில், விவகாரத்தை மத்தியஸ்தரிடம் விடுவதற்கு அலி இசைந்தபோது, அதுவரை அவர் பக்கம் நின்றவர்களிலேயே ஒரு கூட்டத்தார், தீர்ப்பளிக்கும் அதிகாரம் இறைவன் ஒருவனுக்கே உரியது என்று முழங்கிப் பிரிந்து சென்றனர். காரிஜிய்யாக்கள் என்று சரித்திரம் குறிப்பது இவர்களையே. தொழுகையிலும் நோன்பிலும் இவர்களை விஞ்சியவர் அரியர். ஆயினும், பெரும்பாவம் செய்த முஸ்லிம் காஃபிராகிவிடுகிறான் என்ற சித்தாந்தத்தைக் கைக்கொண்டதனால், இறைவனுக்கென்று ஒதுக்கிய அதிகாரத்தைத் தாமே எடுத்துக்கொண்டு, தம்மோடு உடன்படாதவரின் குருதியை ஆகுமானதாக்கினர். 661-ல் கூஃபாப் பள்ளிவாசலில் அலி அவர்கள்மீது வாள் வீசியவன் இக்கூட்டத்தைச் சேர்ந்தவன்.

பாவியும் முஃமினே, அவன் கதி இறைவன் சித்தம் என்று இமாம் அபூ ஹனீஃபா போன்றோர் கூறிய மறுமொழியே பின்னர் பெரும்பான்மையோரின் கொள்கையாயிற்று. இது கொடுங்கோலருக்கு அரணாகிவிடும் என்று அன்றே எழுந்த ஆட்சேபத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதே விவாதம் எகிப்தின் சிறைகளில் மறுபடியும் எழுந்தது. முஸ்லிம் சமூகங்களும் ஜாஹிலிய்யத் எனும் அறியாமையில் ஆழ்ந்துவிட்டன என்று 1964-ல் வெளியான 'மைல்கற்கள்' நூலில் வாதித்த ஸையித் குத்பு 1966-ல் தூக்கிலிடப்பட்டார். சித்திரவதையால் நொந்திருந்த இளைஞர் சிலர் அவ்வாதத்தை நீட்டி, தம்மைச் சூழ்ந்த சமுதாயத்தையே காஃபிர் என்றனர். பல்லாண்டு நீதிபதியாய் இருந்து, பின் இக்வான் எனும் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தின் தலைமையை ஏற்றுச் சிறையும் கண்ட ஹஸன் அல்-ஹுதைபியின் பெயரால், அவர் மறைந்தபின் 1977-ல் வெளிவந்த 'அழைப்பாளர்கள், நீதிபதிகள் அல்லர்' என்ற நூல், கலிமாச் சொன்னவனின் ஈமானை மறுக்கும் உரிமை இவர்களுக்கு இல்லையென்று வாதித்தது. ஹுதைபியும் ஷரீஅத் ஆட்சியை விரும்பியவரே. ஆகையால், பக்தியின் மிகுதியையும் குறைவையும் கொண்டு இவ்விரு சாராரை வேறுபடுத்துவது பெரும்பிழை என்பேன். பிறன் உள்ளத்தை அளந்து, அதன்மேல் தண்டனையும் விதிக்கத் துணிவதே தீவிரவாதத்தின் மூலம்.

அதே 1977-ல், அச்சிறை இளைஞருள் ஒருவராயிருந்த ஷுக்ரி முஸ்தஃபாவின் குழுவினர், தங்களைக் கண்டித்த முன்னாள் வக்ஃபு அமைச்சர் முஹம்மது அல்-தஹபியைக் கடத்திக் கொன்றனர். கொல்லப்பட்டவர், குர்ஆன் விரிவுரைகளின் சரித்திரத்தை எழுதிய அஸ்ஹர் பேரறிஞர்.