யாருடைய ஆயுள்?

ஒரே தடவை பணம் கட்டினால் ஆயுள் முழுக்கப் பயன்படுத்தலாம் என்று சொல்லிச் செயற்கை நுண்ணறிவு எழுத்து மென்பொருள்களை விற்கிறார்கள். மாதச் சந்தாவைக் கோடு போட்டு அடித்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு சின்னத் தொகை. மேலே ஒரு கடிகாரம் நொடி நொடியாகக் குறைந்துகொண்டே வரும். துண்டு வேலையாக மொழிபெயர்ப்பவர், விளம்பர வாசகம் எழுதுபவர் என, மாதாமாதம் டாலரில் கட்டத் தோதில்லாதவர்களுக்கு இது ஆறுதலான பேச்சுதான். ஆனாலும் வாங்குமுன் ஒரு சந்தேகம் உறுத்துகிறது: யாருடைய ஆயுள்?

பதில் பெரும்பாலும் விதிமுறைப் பக்கத்தின் அடியில் கிடக்கும். வாங்குபவரின் ஆயுள் அல்ல, மென்பொருளின் ஆயுள். அது அடுத்த வருடமே மூடப்பட்டாலும் சொன்ன வாக்கு தவறவில்லை என்று வாதாடலாம். பெரிய எழுத்தில் கொடுத்ததைச் சிறிய எழுத்தில் திரும்ப எடுத்துக்கொள்வது பொய்யில் சேருமா? சேரும். கேட்டவர் மனதில் என்ன பதியும் என்று தெரிந்தேதான் அந்தச் சொல்லைப் பெரிதாகப் போட்டார்கள்.

ஆயுள் சந்தா தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. சிற்றிதழ்கள் பலவும் அப்படி வாங்கின. பல பாதியில் நின்றும் போயின. அதை மோசடி என்று சொன்னவர்கள் குறைவு. அது ஒரு கைகொடுப்பு என்று கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். வந்த இதழ்களாவது அலமாரியில் மிஞ்சின.

எழுத்து மென்பொருளின் கணக்கு வேறு. இவற்றில் பலவற்றுக்குச் சொந்த மூளை கிடையாது. ஓப்பன்ஏஐ போன்ற நிறுவனங்களின் மொழி மாதிரியை வாடகைக்கு எடுத்து, மேலே ஒரு முகப்பை வைத்து விற்கிறார்கள். பயனர் ஒரு பத்தி கேட்கும்போதெல்லாம் விற்றவர் அங்கே காசு கட்ட வேண்டும். ஜிபிடி-3 வரிசையின் பெரிய மாதிரிக்கு ஆயிரம் டோக்கனுக்கு (சொல் துண்டுகளுக்கு) 6 சென்ட் வாங்கிக்கொண்டிருந்த ஓப்பன்ஏஐ, 2022 செப்டம்பரில் அதை 2 சென்ட்டாகக் குறைத்தது. குறைந்தது நல்லதுதான்; ஆனால் அந்த விலையை வைப்பது விற்பவர் கையில் இல்லை. வாடகைக்குக் குடியிருப்பவர் அந்த வீட்டை இன்னொருவருக்கு ஆயுளுக்கும் எழுதிக்கொடுப்பது எப்படியோ, அப்படித்தான் இதுவும். ஒரு தடவை வாங்கிய பணம் தீர்ந்தபின் பழைய ஆட்களின் செலவைப் புதிதாகச் சேருபவர்களின் பணத்தில் ஓட்ட வேண்டிவரும். புதுச் சீட்டுப் பணத்தில் பழைய சீட்டுக்குப் பட்டுவாடா செய்பவரின் கதை எங்கே முடியும் என்பது ஊருக்கே தெரியும்.

விற்பவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. கடன் கிடைக்காத சின்ன நிறுவனத்துக்கு இந்தப் பணம்தான் முதல். வட்டியும் பங்கும் கேட்காமல் முதல் போடுபவரிடம், ‘மூன்று வருடத்துக்கு உறுதி, அதன்பின் முடிந்தவரை’ என்று சொல்லி விற்றால் அதில் குற்றம் காண ஏதுமில்லை. அந்த வாசகம் குறைவாக விற்கும் என்பதற்காக மட்டுமே ‘ஆயுள்’ வருகிறது.

கைமாறும்போது இன்னும் மோசம். விபிஎன்செக்யூர் என்ற இணையப் பாதுகாப்புச் சேவை கைமாறியபின், 2025இல் அதன் புதிய உரிமையாளர்கள் ஆயுள் சந்தாக்களை ரத்து செய்தார்கள். வாங்கும்போது அப்படி ஒரு பாக்கி இருப்பதே தங்களுக்குத் தெரியாது என்றார்கள். கால் கிரவுண்டு மனை வாங்குபவர்கூட வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார். வாடிக்கையாளர்களையும் சேர்த்து வாங்கியவர், அவர்களுக்குக் கொடுத்த வாக்கை மட்டும் கழற்றிவைக்க முடியாது. நியாயமான காரணமில்லாமல் ஒருதலையாக ஒப்பந்தத்தை முறிக்க இடம்தரும் விதியை, இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் நியாயமற்ற ஒப்பந்தத்தில்தான் சேர்க்கிறது. ஆனால் ஐந்தாயிரம் ரூபாய்க்காக வெளிநாட்டு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட யார் அலைவார்?

மலிவுக்கு ஆசைப்பட்டவர்மேலும் தப்புண்டு என்பவர்கள் அந்தக் கடிகாரத்தை மறந்துவிடுகிறார்கள். யோசிக்க நேரம் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே அது ஓடுகிறது.

மூடத்தான் வேண்டுமென்றால் சில மாதம் முன்பே சொல்லி, எழுதியவற்றை இறக்கிக்கொள்ள வழிவிட்டு, பயன்படுத்தாத காலத்துக்கு ஒரு பங்கைத் திருப்பித் தரலாம். இரண்டு வருடமாகச் சேர்த்த கலைச்சொல் பட்டியலையும், வாடிக்கையாளர் வாரியாகத் திருத்திவைத்த மாதிரிகளையும் உள்ளே வைத்திருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கு, ஒருநாள் காலையில் கடவுச்சொல் வேலை செய்யாமல் போகிறது. கட்டிய பணத்தை ஒரு மாத வேலையில் ஈடுகட்டிவிடலாம். அந்தப் பட்டியலை மறுபடி முதல் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும்.