அர்கீதோவும் எதிரியும்

போர்ச்சுகல் நாட்டுக் குற்ற விசாரணைச் சட்டத்தில் 'அர்கீதோ' என்று ஒரு சொல் இருக்கிறது. 2007 மே மாதம், அந்நாட்டின் தெற்குக் கடற்கரைக்கு விடுமுறைக்குப் போன ஒரு பிரிட்டிஷ் குடும்பத்தின் மூன்று வயதுப் பெண் குழந்தை காணாமல் போனது. செப்டம்பரில் குழந்தையின் அப்பா அம்மாவையே போலீஸ் அர்கீதோ ஆக்கியது. இங்கிலாந்துப் பத்திரிகைகள் அதை 'சஸ்பெக்ட்' என்று எழுதின. அவ்வளவுதான், ஊர் தன் தீர்ப்பை எழுதிவிட்டது. 2008 ஜூலையில் அந்த நிலை நீக்கப்பட்டது. அவர்கள்மீது குற்றச்சாட்டு எதுவும் பதியப்படவில்லை.

'சஸ்பெக்ட்' என்று எழுதியதில் என்ன தப்பு என்று தோன்றலாம். அதே சட்டத்தில் சந்தேகத்துக்குரியவரைக் குறிக்க வேறொரு சொல் தனியாகவே இருக்கிறது. அர்கீதோ என்பது ஒரு சட்ட அந்தஸ்து. சாட்சியாக உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்லியே ஆகவேண்டும், உண்மையும் சொல்லவேண்டும். அர்கீதோ ஆகிவிட்டால் வாயைத் திறக்காமல் இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம். சாட்சியாக விசாரிக்கும்போது அவர்மேலேயே சந்தேகம் வந்தால், விசாரணையை அங்கேயே நிறுத்தி, 'இனி நீங்கள் அர்கீதோ' என்று சொல்லியாக வேண்டும். சந்தேகம் தன் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்தவர், தானே போய் 'என்னை அர்கீதோ ஆக்குங்கள்' என்று கேட்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. என்னைச் சந்தேகப்படுங்கள் என்று யாராவது கேட்பார்களா? கேடயத்தைத்தான் கேட்பார்கள். அந்தச் சொல்லுக்குள் குற்றச்சாட்டின் நிழலும் இருந்தது, கேடயமும் இருந்தது. ஆங்கிலத்துக்கு நிழல் மட்டும் போய்ச் சேர்ந்தது.

நான் மென்பொருளில் வேலை பார்ப்பவன். பழைய நிரலைப் புது மொழிக்கு மாற்றும்போது எங்களுக்கு அதிகம் பயம் தருவது, இரண்டு பக்கமும் ஒரே பெயரில் இருக்கும் ஃபங்ஷன்தான். பெயர் தெரியாத ஒன்று வந்தால் நின்று, திறந்து பார்ப்போம். தெரிந்த பெயர் என்றால் பார்க்காமல் தாண்டிவிடுவோம். உடைவது அங்கேதான்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். கம்பத்தில் எனக்குச் சித்தப்பா முறையான ஒருவர் இருக்கிறார். வாய்க்கால் தண்ணீர் விஷயத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு தகராறு. ரெண்டு பக்கமும் கைகலப்பு, ரெண்டு பக்கமும் புகார். போன வருஷம் ஒரு நாள் அவருக்கு ஒரு தாள் வந்தது. தெருவே கூடிப் படித்திருக்கிறது. 'ஆஜராகுமாறு', 'தவறும் பட்சத்தில்', 'கைது' என்ற மூன்றும் எல்லார் கண்ணிலும் பட்டிருக்கின்றன. "வாரண்டு வந்துருச்சுப்பா" என்று ஒருத்தர் சொல்ல, மனுஷன் துணியை மஞ்சப்பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கம்பம்மெட்டு ஏறிவிட்டால் கேரளா. அங்கே ஏலத்தோட்டத்தில் தெரிந்த கங்காணி இருக்கிறார். கிளம்பும் முன் சித்தி தாளைப் படமெடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார்.

அது 35ஆம் பிரிவு நோட்டீஸ். 2024 ஜூலை 1க்கு முன் 41ஏ என்று இருந்தது. கைது செய்யத் தேவையில்லை என்று போலீஸ் நினைக்கும்போது அனுப்புவது. நோட்டீஸ்படி நடந்துகொள்கிறவரைக் கைது செய்யக் கூடாது. செய்தே ஆகவேண்டும் என்றால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். போகாமல் இருந்தால்தான் கைதுக்குக் கதவு திறக்கும். அர்கீதோ மாதிரியே இதிலும் ஒரு கேடயம் இருக்கிறது, ஓடுகிறவன் அதைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறான்.

"சித்தப்பா, இது கைது பண்ண வர்ற தாளு இல்ல. கைது பண்ணாம இருக்கணும்னா நீங்க நேரா போகவேண்டிய தாளு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அதை அப்பிடியே எழுதித் தொலைச்சா என்ன தம்பி?" என்றார்.

அந்தத் தாளில் இருந்தது சுத்தமான தமிழ். ஒரு சொல்கூடப் பிழையில்லை. மொழிபெயர்த்தவர் சட்டத்தின் வாசகத்துக்கு நேர்மையாக இருந்திருக்கிறார். ஆனால் அவருடைய கடன் வாசகத்துக்கு மட்டும்தானா? கதையிலோ கவிதையிலோ ஒரு சொல் சறுக்கினால் வாசகனுக்கு ஓர் அழகு தவறிப்போகும், பெரிய நஷ்டமில்லை. நடைமுறைச் சட்டத்தின் சொல்லுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஆளின் பெயர் எழுதப்படுகிறது. முதல் கடன் அந்தப் பெயர்க்காரருக்குத்தான் என்பது என் கட்சி. சொல்லைக் கேட்டபின் அடுத்து என்ன செய்யலாம், என்ன செய்யாமலும் இருக்கலாம் என்று அவருக்குத் தெரிந்தால் அது மொழிபெயர்ப்பு.

அப்படியானால் தெரிந்த சொல்லைப் போடாமல் அந்நியச் சொல்லையே விட்டுவிடலாமா? கோவாவில் அதைச் செய்திருக்கிறார்கள். 1867இன் போர்ச்சுகீசிய சிவில் சட்டத்தின் குடும்ப, வாரிசுரிமைப் பகுதிகள் 1961க்குப் பிறகும் அங்கே தொடர்ந்தன. 2012இல் வாரிசுரிமைக்குக் கோவா அரசு தன் சட்டத்தை ஆங்கிலத்தில் எழுதியது. சொத்தைப் பிரிக்கும்போது வாரிசுகள் தங்களுக்குள்ளேயே விலை கேட்டு, கூடக் கேட்டவர் எடுத்துக்கொள்ளும் ஒரு கட்டம் உண்டு. போர்ச்சுகீசியத்தில் 'லிசித்தசாவ்'. அதை 'ஆக்‌ஷன்' என்று ஆக்காமல் 'லிசிட்டேஷன்' என்றே வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலம் படித்தவருக்கும் அது புரியாது. புரியாததால் நின்று கேட்பார், அதுதான் லாபம்.

தமிழில் அதை 'ஏலம்' என்று எழுதத்தான் கை போகும். வேடிக்கை என்னவென்றால், 'ஏலம்' என்பதே போர்ச்சுகீசிய 'லெய்லாவ்' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் நடக்கிறதே, அந்த இரண்டாவது ஏலம். (முதலாவது நம் மலையுடையது.) ஆனால் எங்கள் பக்கம் 'வீடு ஏலத்துக்கு வந்துருச்சு' என்றால் குடும்பம் தலைகுனிந்துவிட்டது என்று அர்த்தம். வங்கிக்காரன் தண்டோரா போடுவதும், யாரோ வெளியாள் வந்து நடுவீட்டில் நிற்பதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. லிசித்தசாவோ, வெளியாளை உள்ளே விடாமல் வீட்டைக் குடும்பத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள இருக்கும் வழி. 'ஏலம்' என்று கேட்ட மாத்திரத்தில் பயந்து கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிடும் ஒரு தங்கச்சியை என்னால் சுலபமாகக் கற்பனை செய்ய முடிகிறது.

ஆனாலும் அந்நியச் சொல்லுக்காக நான் முழுசாக வக்காலத்து வாங்கமாட்டேன். வக்காலத்து, ஜாமீன், வாய்தா எதுவும் தமிழ் இல்லை. அரபியில் வாய்தாவுக்கு 'வாக்குறுதி' என்று பொருளாம், கேஸ் நடத்தியவர்கள் சிரிப்பார்கள். ஆனால் எழுதப்படிக்கத் தெரியாத பாட்டிக்கும் வாய்தா என்றால் என்ன என்று தெரியும். எப்படித் தெரிந்தது? உத்தமபாளையம் கோர்ட் வாசலில் ஒவ்வொரு தேதியும் காத்திருந்து, பஸ் காசும் ஒரு நாள் கூலியும் கொடுத்து வாங்கிய அறிவு அது. புரியாத சொல்லை அப்படியே விடுவது, அதற்கான கட்டணத்தை ஏழையிடம் வசூலிப்பது. சொல்லை விட்டால் பக்கத்தில் சித்தப்பா கேட்ட அந்த ஒரு வரியையும் எழுதவேண்டும். இரண்டும் சேர்ந்துதான் மொழிபெயர்ப்பு. அர்கீதோவைத் தமிழில் எழுதச் சொன்னால் நான் அர்கீதோ என்றே விட்டு, 'இனி நீங்கள் பேசாமல் இருக்கலாம்' என்று அடுத்த வரியில் தொடங்குவேன்.

இதில் எனக்கு இன்னும் பிடிபடாத ஒரு சொல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நம் கீழமை நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பெயர் 'எதிரி'. முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று வரிசையாக வரும். எதிர்ப் பக்கத்தில் நிற்பவர் என்ற அர்த்தத்தில் வைத்திருப்பார்கள். வாய்க்கால் தகராறில் சித்தப்பாவும் எதிரி, தோட்டத்துக்காரரும் எதிரி, எழுதியது நீதிமன்றம். யாருக்கு எதிரி? இன்னும் எதுவும் நிரூபிக்கப்படாத ஒருவரை அரசு அப்படிக் கூப்பிடலாமா? மேல்முறையீட்டுக்கு மதுரைக் கிளைக்குப் போகும்போது கட்டு ஆங்கிலத்துக்கு மாறும். உத்தமபாளையத்தில் எதிரியாக இருந்தவர் அங்கே 'அக்யூஸ்ட்' ஆகிறார். தமிழ் வேண்டும் என்று உயர் நீதிமன்றத்துக்காக 2006இல் சட்டமன்றத் தீர்மானம் போட்டவர்கள் நாம். நானும் அதே கட்சிதான். ஆனால் இந்த ஒரு இடத்தில் ஆங்கிலம் நம்மைவிட மரியாதையாக நடந்துகொள்கிறது.

மாற்றுச்சொல் இல்லாமலில்லை. 'குற்றம் சாட்டப்பட்டவர்' இருக்கிறது. ஒரு நாளைக்கு நூறு தடவை தட்டச்சு செய்கிற குமாஸ்தாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "எதிரின்னா மூணு எழுத்து சார்" என்றார்.